மர்கட்ராய்ட்: ஒரு யார்க்‌ஷயர் குடும்பப் பேரை மேப்ல பிடிச்ச விதம்

ஒருவழியா மேப் சரியா வந்துருச்சு, அதான் எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். மர்கட்ராய்ட்னு ஒரு இங்கிலீஷ் குடும்பப் பேர், இங்கிலாந்துக்காரங்களுக்கே கேட்டா லேசா சிரிப்பு வரும், 1887ல லண்டன் மேடையில ஏறின ஒரு காமிக் ஆபெராவுல சாபம் பிடிச்ச பிரபு குடும்பத்துக்கு இந்தப் பேரைத்தான் வச்சாங்க. எனக்கு இது மாட்டினது வட இங்கிலாந்துல, யார்க்‌ஷயர் கவுண்டியில, கீத்லி ஊர் பக்கத்துல ஈஸ்ட் ரிடில்ஸ்டன் ஹால்னு ஒரு பழைய வீட்டுல. 1642ல கட்டினது, இப்ப பழைய கட்டடங்களைப் பாதுகாக்குற நேஷனல் டிரஸ்ட் கையில இருக்கு, கட்டினவர் ஜேம்ஸ் மர்கட்ராய்ட், ஹாலிஃபாக்ஸ் பக்கத்து துணி வியாபாரி. ஒரு துணி வியாபாரிக்கு அவ்ளோ பெரிய வீடா, இந்தப் பேர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தோணுச்சு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் லேப்டாப்ப தொறந்து ஆரம்பிச்சதுதான்.

நான் வரலாறு படிச்ச ஆள் இல்ல, டேட்டா வேலை பாக்குறவன். அதனால பழைய புத்தகத்துலேர்ந்து கீழ வராம, ஆளுங்க எங்க இருந்தாங்கன்னு எண்ணி அதுலேர்ந்து பின்னாடி போகலாம்னு முடிவு பண்ணேன். இந்த மாதிரி வேலைக்கு எல்லாரும் எடுக்குறது 1881 சென்சஸ். அந்த வருஷம் ஏப்ரல் 3ஆம் தேதி ராத்திரி யார் யார் எந்த வீட்டுல இருந்தாங்கன்னு எடுத்த கணக்கு, வாலண்டியர்ஸ் மொத்தத்தையும் டைப் பண்ணி வச்சிருக்காங்க, ஃபேமிலிசர்ச் சைட்டுல அக்கவுண்ட் மட்டும் இருந்தா போதும், காசு கிடையாது. பேர், வயசு, வேலை, இருந்த இடம், பொறந்த இடம் எல்லாம் தனித்தனி காலமா, அதாவது டேபிள்ல தனித்தனி பத்தியா வரும். ரிசல்ட்டை பக்கம் பக்கமா ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு இறக்கிக்கலாம், கொஞ்சம் கடுப்பாகுற வேலைதான்.

முதல் சிக்கல் ஸ்பெல்லிங். கணக்கு எடுத்தவர் காதுல விழுந்ததை எழுதினார், நூறு வருஷம் கழிச்சு டைப் பண்ணவர் கண்ணுல பட்டதை அடிச்சார், ரெண்டு தடவை சல்லடையில போட்ட மாதிரி பேரு உருமாறி இருக்கு. மர்கிட்ராய்ட், மார்கட்ராய்ட், கடைசியில ஒரு 'ஈ' சேத்தது, 'ஒய்'க்கு பதில் 'ஐ' போட்டது. இதுக்கெல்லாம் சவுண்டெக்ஸ் கோட், அதாவது பேரு ஒலிக்கிற விதத்தை ஒரு எழுத்தும் மூணு நம்பருமா மாத்துறது, அதை வச்சு தேடினா வந்துரும்னு நினைச்சேன். மர்கட்ராய்டுக்கு கோட் எம் 623. மேல சொன்னதெல்லாம் அதுல அடங்கிடும். ஆனா நடுவுல ஒரு 'டி' நுழைஞ்சு மோர்ட்கட்ராய்ட்னு ஆனா எம் 632, முதல் 'ஆர்' விட்டுப்போனா எம் 236. முதல் எழுத்தையே தப்பா படிச்சு 'எம்'முக்கு 'எச்' போட்டிருந்தா சவுண்டெக்ஸ் எட்டிக்கூட பாக்காது, ஏன்னா அது முதல் எழுத்தை அப்படியே வச்சிக்கும். நட்சத்திரக் குறி போட்டு, வால் பகுதியை மட்டும் கொடுத்து தேடினப்பதான் ஒளிஞ்சிருந்த ஆளுங்க வெளிய வந்தாங்க. அதுல வராதவங்களை குடும்பத்தை வச்சு பிடிச்சேன், அப்பா பேரு ஒரு மாதிரி, அதே வீட்டுல பையன் பேரு வேற மாதிரின்னு இருக்கும்.

இறக்கின டேட்டாவை சுத்தம் பண்ண ஓப்பன்ரிஃபைன். ஃப்ரீ சாஃப்ட்வேர், கிளஸ்டர்னு ஒரு பட்டன் இருக்கு, ஒரே மாதிரி தெரியுற பேரை எல்லாம் கூட்டமா காட்டும், நீங்க ஓகே சொன்னா ஒண்ணாக்கிடும். ஃபிங்கர்பிரிண்ட் முறை இந்த வேலைக்கு வேஸ்ட், எழுத்து மாறினா அதுக்குத் தெரியாது. லெவன்ஷ்டைன் முறை, அதாவது ரெண்டு பேருக்கும் நடுவுல எத்தனை எழுத்து வித்தியாசம்னு பாக்குறது, அதை தூரம் 2ன்னு வச்சு ஓட்டினேன், நல்லா பிடிச்சுது. 3 வச்சா சம்பந்தமே இல்லாத பேரெல்லாம் உள்ள வந்து உக்காருது. பழைய ஸ்பெல்லிங் காலத்தை மட்டும் அழிக்காதீங்க, பக்கத்துலயே ஒரு புது காலம் போட்டு அதுல திருத்துங்க.

அப்புறம் மேப். கியூஜிஐஎஸ்னு மேப் போடுற சாஃப்ட்வேர்ல, ஆளுங்க இருந்த இடத்தை வச்சு, பதிவு மாவட்டம் (பிறப்பு இறப்பு பதிவுக்காகப் பிரிச்ச மாவட்டம்) வாரியா கலர் அடிச்சேன். பழைய எல்லைக்கோடு ஃபைல் போர்ட்ஸ்மத் யூனிவர்சிட்டிக்காரங்க பண்ண வரலாற்று ஜிஐஎஸ்ங்கிற மேப் டேட்டாவுலேர்ந்து வந்தது. மேப்ல பிராட்ஃபோர்ட் கறுகறுன்னு வந்துச்சு, ஹாலிஃபாக்ஸ், கீத்லி அடுத்து, மலைக்கு அந்தப்பக்கம் லங்காஷயர்ல கொஞ்சம் தெளிச்ச மாதிரி, மிச்ச இங்கிலாந்து கிட்டத்தட்ட வெள்ளை. அப்படியே நம்பியிருந்தா பிராட்ஃபோர்ட்தான் பூர்வீகம்னு எழுதியிருப்பேன். ஆனா பிராட்ஃபோர்ட் அப்ப கம்பளி மில்லால ஊதிப்போன ஊரு, 1851லயே ஜனத்தொகை ஒரு லட்சத்தை தாண்டிருச்சு, சுத்துவட்டார கிராமமெல்லாம் வேலை தேடி அங்க இறங்கின காலம். அங்க எந்தப் பேரைப் போட்டாலும் நிறைய பேர் இருக்கத்தான் செய்வாங்க.

எண்ணிக்கையை மாவட்ட ஜனத்தொகையால வகுத்து பத்தாயிரத்துக்கு எத்தனைன்னு போட்டேன். கலர் கொஞ்சம் மேற்கே நகர்ந்துச்சு, ஹாலிஃபாக்ஸ் மேல வந்துச்சு. ஆனாலும் பதிவு மாவட்டம்ங்கிறது ரொம்பப் பெரிய கட்டம், ஹாலிஃபாக்ஸ் மாவட்டத்துக்குள்ளயே டவுன்ஷிப், அதாவது சின்னச் சின்ன ஊர்ப் பிரிவு, எத்தனையோ இருக்கு, எந்தப் பள்ளத்தாக்குன்னு அது சொல்லாது.

சரின்னு இருந்த இடத்தை விட்டுட்டு பொறந்த இடம் காலத்துக்கு மாறினேன். இங்கதான் ரொம்ப நேரம் போச்சு. சோம்பேறித்தனமா ஆன்லைன் ஜியோகோடர்ல தள்ளிவிட்டேன், ஊர் பேரைக் கொடுத்தா அட்சரேகை தீர்க்கரேகை கொடுக்குமே அது. ஹாலிஃபாக்ஸ்னு மட்டும் இருந்த வரியெல்லாம் கனடாவுக்கு, நோவா ஸ்கோஷியாவுக்கு போயிருச்சு. டிரான்ஸ்கிரிப்ஷன்ல யார்க்‌ஷயர் கவுண்டியை 'யார்க்'னு சுருக்கி எழுதியிருக்காங்க, அதனால ஊர் பேர் இல்லாம கவுண்டி மட்டும் இருந்தவங்க எல்லாம் யார்க் நகரத்து கதீட்ரல் பக்கத்துல ஒரே புள்ளியில கும்பலா நிக்கிறாங்க. இதைவிட மோசம் வார்லி. ஹாலிஃபாக்ஸுக்கு மேற்கே இருக்குற டவுன்ஷிப், இந்தக் கதைக்கே அதுதான் மையம், அதைத் தூக்கி பர்மிங்காம் பக்கத்து வார்லியிலயும் எஸெக்ஸ்ல பிரெண்ட்வுட் பக்கத்து வார்லியிலயும் போட்டுருச்சு. சோவர்பி தர்ஸ்க் பக்கத்து சோவர்பிக்கு போச்சு, மிட்ஜ்லி வேக்ஃபீல்ட் பக்கத்து மிட்ஜ்லிக்கு போச்சு. மேப்பைப் பாத்தா ஏதோ இங்கிலாந்து பூராம் பரவின பேரு மாதிரி இருக்கு, அத்தனையும் பொய்.

ஜியோகோடரை தூக்கிப்போட்டுட்டு கையாலயே ஒரு ஊர் டேபிள் போட்டேன். இடது பக்கம் சென்சஸ்ல இருக்குற எழுத்து அப்படியே, நடுவுல டவுன்ஷிப், வலது பக்கம் புள்ளி. வேற வேற ஊர் பேர்னு பாத்தா ஒண்ணும் மலைக்கிற அளவு இல்ல, ஏன்னா பேரே ஒரு சின்ன வட்டத்துக்குள்ள சுத்துது. இடத்தை சரிபாக்க ஸ்காட்லாந்து நேஷனல் லைப்ரரி ஆன்லைன்ல போட்டு வச்சிருக்குற பழைய ஆறு இஞ்ச் ஆர்ட்னன்ஸ் சர்வே ஷீட், மைலுக்கு ஆறு இஞ்ச், அதாவது 1:10,560. கியூஜிஐஎஸ்ல நேரா லேயரா சேத்துக்கலாம். அந்த ஷீட் ஒரு தனி சுகம், சொல்லியே ஆகணும். லடெண்டன் ஓடைக்கு ரெண்டு பக்கமும் மேட்டுல ஒவ்வொரு பண்ணை வீட்டுக்கும் பேர் போட்டிருக்கு, கல்சுவர் ஒவ்வொண்ணும் கோடா தெரியுது, மேல போகப்போக கோடு அத்துப்போய் வெறும் மூர்லண்ட் புல்வெளிக் குறிதான். எங்க பாத்தாலும் ராய்ட்னு முடியுற பேரு, ஓட்ஸ் ராய்ட், கீழ ஆத்தோரத்துல மைதம்ராய்ட். அந்தப்பக்கத்து வழக்குல ராய்ட்னா காடு வெட்டித் திருத்தின நிலம். ஆக்ராய்ட், ஹோல்ராய்ட், பூத்ராய்ட், லீராய்ட் எல்லாமே இதே வாலோட இந்தப்பக்கத்துல இருக்குற குடும்பப் பேருங்கதான்.

டாட்மர்டன்னு ஒரு ஊரு தனியா தலைவலி கொடுத்துச்சு. யார்க்‌ஷயர், லங்காஷயர் எல்லை ஊருக்கு நடுவுலயே போச்சு, 1875ல தொறந்த டவுன்ஹாலே எல்லைக்கோட்டு மேல நின்னுச்சு, 1888 உள்ளாட்சி சட்டத்துக்கு அப்புறம்தான் எல்லையை நகர்த்தி மொத்தத்தையும் யார்க்‌ஷயர்ல சேத்தாங்க. அதனால ஒரே வீட்டுல அண்ணன் யார்க்‌ஷயர்ல பொறந்தவன், தம்பி லங்காஷயர்ல பொறந்தவன்னு வரலாம், ரெண்டு பேரும் ஒரே தெருவுல பொறந்திருப்பாங்க. கவுண்டி வாரியா எண்ணுறவங்க இதைப் பாத்து இடம்பெயர்ச்சின்னு எழுதிடுவாங்க. நான் டாட்மர்டனுக்கு மட்டும் கவுண்டி காலத்தையே கண்டுக்கல.

இவ்ளோ பண்ணியும் மேப் இன்னும் கலங்கலாத்தான் இருந்துச்சு, ஏன்னா 1881ல இருந்தவங்கள்ல பாதி சின்னப் பசங்க, அவங்க பொறந்தது அப்பா வேலை பாத்த மில் பக்கம். திடீர்னு தோணினதுதான் வயசு ஃபில்டர். 60 வயசும் அதுக்கு மேலயும் இருக்குறவங்களை மட்டும் வச்சுக்கிட்டு அவங்க பொறந்த இடத்தை மட்டும் போட்டேன். அவங்க எல்லாம் 1821 ஏப்ரலுக்கு முன்னாடி பொறந்தவங்க, பிராட்ஃபோர்ட் முழுசா ஊதுறதுக்கு முந்தி. பிராட்ஃபோர்ட் வெளுத்துப்போச்சு, ஹாலிஃபாக்ஸ் பழைய பாரிஷும் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதி) அதை ஒட்டின மேட்டுநிலமும் மட்டும் நின்னுச்சு. ஒரே ஒரு காலத்துல ஒரே ஒரு நிபந்தனை, அவ்வளவுதான், இதை முதல்லயே பண்ணியிருக்கணும். 1851 சென்சஸ் இருந்தா இதே வித்தையை இன்னும் முப்பது வருஷம் பின்னாடி தள்ளலாம், அதுலயும் பொறந்த பாரிஷ் எழுதியிருக்கு. 1841ல பொறந்த கவுண்டிதானா இல்லையான்னு மட்டும்தான் கேட்டாங்க, பெரியவங்க வயசை அஞ்சஞ்சா கீழ இறக்கி எழுதச் சொல்லியிருந்தாங்க, அதனால அது இந்த வேலைக்கு உதவாது.

அதுக்கு மேல பின்னாடி போக பாரிஷ் ரெஜிஸ்டர்தான், சர்ச்சுல ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எழுதி வச்ச புத்தகம். ஹாலிஃபாக்ஸ் ரெஜிஸ்டர் 1538லிருந்து இருக்கு, ஆரம்பப் பகுதி அச்சாவும் வந்திருக்கு, ஸ்கேன் ஆன்ஸெஸ்ட்ரிங்கிற வம்சாவளி சைட்டுல இருக்கு. ஆன்ஸெஸ்ட்ரிக்கு மாசக் கட்டணம் கட்ட வேண்டாம், இங்க நிறைய பப்ளிக் லைப்ரரியில கம்ப்யூட்டர்ல ஃப்ரீயா விடுவாங்க, லைப்ரரி கார்டு போதும்.

ரெஜிஸ்டரை டைப் பண்றப்ப எக்ஸெல் வேணாம், கண்டிப்பா வேணாம். 1900க்கு முன்னாடி தேதி எதையும் அது தேதியாவே ஏத்துக்காது, வெறும் எழுத்தா வச்சுக்கும், வரிசைப்படுத்தினா குப்பை. லிப்ரெஆஃபீஸ் கால்க் ஏத்துக்கும், ஆனா அதையும் நம்பாம வருஷம், மாசம், நாள்னு மூணு காலமா பிரிச்சுட்டேன். அதுக்குக் காரணம் இருக்கு. 1751 வரைக்கும் இங்கிலாந்துல வருஷம் மார்ச் 25லதான் பொறக்கும், அதனால ரெஜிஸ்டர்ல 1641 பிப்ரவரின்னு எழுதியிருந்தா நம்ம கணக்குல அது 1642 பிப்ரவரி. இதை மாத்தாம விட்டா ஏப்ரல்ல கல்யாணம் பண்ணவங்களுக்கு அதுக்கு முந்தின பிப்ரவரியிலயே குழந்தை பொறந்துரும், ஊர்ல ஒரே ஒழுக்கக்கேடுன்னு நினைச்சுப்போம். எழுதினபடி ஒரு வருஷ காலம், திருத்தின வருஷத்துக்கு இன்னொரு காலம்.

பேரு பல இடத்துல லத்தீன்ல இருக்கும், 1733 வரைக்கும் எந்தப் பக்கத்துல எதுல எழுதியிருக்கும்னு சொல்ல முடியாது. ஜோஹானஸ்னா ஜான், ஜேகோபஸ்னா ஜேம்ஸ், சில சமயம் ஜேகப். ஜான், ஜேம்ஸ், தாமஸ், ஹென்றி, இதே நாலு பேரைத்தான் சுத்திச்சுத்தி வைக்கிறாங்க, மூத்த ஜான் செத்துட்டா அடுத்து பொறக்குறதுக்கும் ஜான்னு வச்சிடுவாங்க, அதனால ஞானஸ்நானப் பதிவை மட்டும் பாத்தா ரெண்டு ஜான், அடக்கப் பதிவையும் பக்கத்துல வச்சாத்தான் ஒரு ஜான்தான் பிழைச்சான்னு தெரியும். நல்லவேளை டவுன்ஷிப் பேரை எழுதுற பழக்கம் இருந்துச்சு, வார்லி ஜான், சோவர்பி ஜான்னு பிரிக்க முடிஞ்சுது. 1640, 50கள்ல உள்நாட்டுப் போர் சமயத்துல எல்லா ஊர் ரெஜிஸ்டரும் மாதிரி இங்கயும் நூல் அறுந்து அறுந்து வரும், பிஷப்புக்கு அனுப்பின நகல் யார்க்ல பார்த்விக் ஆவணக் காப்பகத்துல இருக்கு, ஆனா 1646லிருந்து 1660 வரைக்கும் பிஷப் பதவியே கிடையாது, அதனால நகலும் கிடையாது.

அந்தச் சமயத்துலதான் நம்ம ஜேம்ஸ் மர்கட்ராய்ட் ரிடில்ஸ்டன்ல வீடு கட்டிக்கிட்டிருக்கார். அரச விசுவாசி குடும்பம், அந்த வீட்டுப் பக்கக் கட்டடத்துல சார்ல்ஸ் ராஜா, ராணி தலையைக் கல்லுல செதுக்கி ராஜா வாழ்கன்னு பிரெஞ்சுல எழுதி வச்சிருக்காங்க, போனா பாருங்க. அந்தக் காசெல்லாம் துணி வியாபாரத்துல வந்ததுதான்.

இதுக்கு முந்தின காலத்துக்கு நான் புதுசா ஒண்ணும் தோண்டல, ஏற்கனவே சொல்லப்பட்டதை என் மேப் மேல வச்சுப் பாத்தேன், அவ்வளவுதான். எல்லாரும் காட்டுற முதல் ஆள், 1371ல வார்லிக்கு கான்ஸ்டபிளா வந்த ஜோஹானஸ் டி மோர்கேட்ராய்ட். நடுவுல இருக்குற 'டி'க்கு அந்த இடத்துக்காரர்னு அர்த்தம், நம்மூர்ல வித்வான்கள் மதுரை, திருவாவடுதுறைன்னு ஊரை முன்னாடி போட்டுக்குவாங்களே அந்த மாதிரி, ஆனா இங்க அது புள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கிட்டே போயிருச்சு. பேரைப் பிரிக்கிறதுல ரெண்டு கட்சி இருக்கு, மூருக்கு, அதாவது மேட்டுப் புல்வெளிக்குப் போற வழியில இருக்குற ராய்ட்னு குடும்பத்துக்காரங்க சொல்லுவாங்க, மார்கரெட்டோட ராய்ட்னு பேர் அகராதிக்காரங்க சொல்லுவாங்க. எனக்கு அகராதி பக்கம்தான் சாயத் தோணுது, ஆள் பேரோட ராய்ட் சேந்து வர்றது அங்க சகஜம். ரெண்டுல எதுவானாலும் இடம் வார்லிதான், மேப்புக்கு அது போதும்.

ஏன் ஐநூறு வருஷமா இந்தப் பேரு அந்தப் பள்ளத்தாக்கை விட்டுப் பெருசா நகரலைங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. பதில் ஒரு சட்டத்துல கிடைச்சுது, 1555 ஹாலிஃபாக்ஸ் சட்டம். இந்த ஊர் நிலம் தரிசு, விளைச்சல் கிடையாது, ஜனங்க துணி நெய்ஞ்சுதான் பிழைக்கிறாங்க, அதனால கொஞ்சம் கொஞ்சமா கம்பளி வாங்கி விக்க இங்க மட்டும் விலக்கு கொடுக்குறோம்ங்கிறதுதான் அதோட சாரம். நாப்பது வருஷத்துல ஐநூறு வீடு கூடியிருக்குன்னும் அதுலயே எழுதியிருக்கு. நெலம் மட்டும் நம்பினா ரெண்டாவது மூணாவது பையன் ஊரை விட்டுப் போயே ஆகணும், தறி இருந்தா ரெண்டு மாடும் ஒரு துண்டு நிலமும் வச்சுக்கிட்டு அங்கயே குடும்பம் நடத்தலாம். பசங்க நிக்க நிக்க பேரும் அங்கயே பெருகுது. 19ஆம் நூற்றாண்டுல மில் வந்தப்பகூட லடெண்டன்ல ஓட்ஸ் ராய்ட் கம்பளி நூல் மில்லை நடத்தினது ஒரு ஜான் மர்கட்ராய்ட்தான்.

டிஎன்ஏ பண்ணலாமேன்னு ஒருத்தர் கேட்டார். நான் பண்ணல, அது அந்தப் பேர்ல இருக்குற ஆம்பளைங்க எச்சில் கொடுத்தாத்தான் நடக்கும். ஆனா பக்கத்து ஊர் விஷயம் தெரியும், 2000ல சைக்ஸ்ங்கிற பேருக்கு பண்ண ஆய்வுல 48 பேர்ல கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு ஒரே ஒய் குரோமோசோம் வகை (அது அப்பாகிட்டேர்ந்து பையனுக்குப் போறது) வந்துச்சு, அவ்ளோ பரவலான பேருக்கே ஒரே மூதாதைதானோன்னு பேச்சு வந்துச்சு. 2009ல லெஸ்டர் யூனிவர்சிட்டியில 40 பேருங்களை எடுத்து 1,678 ஆம்பளைங்கள்ட்ட பாத்தாங்க, பேரு அரிதா ஆக ஆக ஒரே வகை கூடுது, ஸ்மித் மாதிரி பேருல ஊர்ல யாரை வேணா பிடிச்சுப் பாத்த மாதிரிதான் இருக்கு. மர்கட்ராய்ட் எந்தப் பக்கம் விழும்னு நீங்களே யூகிச்சுக்கலாம்.

செலவுன்னா பெரும்பாலும் அரசு பதிவு அலுவலகத்துக்குப் போனதுதான். இங்க பிறப்பு இறப்பு பதிவு 1837 ஜூலை 1ல ஆரம்பிச்சுது. இண்டெக்ஸை ஃப்ரீபிஎம்டிங்கிற சைட்டுல சும்மா பாக்கலாம், 1852க்கு அப்புறம் வால்யூம் நம்பர் 9ஏன்னா ஹாலிஃபாக்ஸ், கீத்லி பக்கம், 9பின்னா பிராட்ஃபோர்ட், லீட்ஸ், பழகிட்டா நம்பரைப் பாத்தே ஊரைச் சொல்லிடலாம். அரசு இண்டெக்ஸ்ல அம்மாவோட பிறந்த வீட்டுப் பேரும் 1837லிருந்தே இருக்கு, ஃப்ரீபிஎம்டில 1911 செப்டம்பர் காலாண்டுலேர்ந்துதான் வரும், அதனால ஒரே பேர்ல நாலு ஜான் இருந்தா அரசு இண்டெக்ஸ்லயே பிரிச்சுட்டு அப்புறம் காசு கட்டுங்க. முழு சர்டிபிகேட் 12.50 பவுண்டு, பிடிஎஃப் 8 பவுண்டு, ஸ்க்ரீன்ல பாக்குற டிஜிட்டல் இமேஜ் 3 பவுண்டு. நான் ஆரம்பத்துல ஆர்வத்துல சர்டிபிகேட்டா வாங்கித் தள்ளினேன், காகிதத்துல அழகா வருது, ஆனா அதுல இருக்குறதேதான் 3 பவுண்டு இமேஜ்லயும் இருக்கு. 1875க்கு முன்னாடி பதிவு பண்ணலைன்னா பெத்தவங்களுக்கு அபராதம் பெருசா கிடையாது, அதனால ஆரம்ப வருஷங்கள்ல குழந்தை இண்டெக்ஸ்ல இல்லைன்னா காசைக் கரைக்காம நேரா ஞானஸ்நானப் பதிவுக்குப் போயிடுங்க.

அடுத்த தடவை இதே மாதிரி ஒரு பேர் எடுத்தா ஊர் டேபிளைத்தான் முதல்ல போடுவேன், அதுக்கப்புறம்தான் ஆளுங்களை இறக்குவேன், 60 வயசு ஃபில்டரோடதான் முதல் மேப்பையே பாப்பேன். கல்யாணம் ஆகி பேர் மாறின பொண்ணுங்களை இந்த மேப் சுத்தமா விட்டுடுது, அதுக்கு கல்யாண இண்டெக்ஸ்லேர்ந்து தனியா ஒரு ஷீட் போட்டுக்கிட்டிருக்கேன், 1912க்கு முன்னாடி துணையோட பேர் இண்டெக்ஸ்ல இல்லாததால ஒரே பக்க நம்பர்ல இருக்குற ரெண்டு ஜோடியில யாருக்கு யாருன்னு பிரிக்கிறதுலயே நிக்குது. ஊர் டேபிள் ரெடியா இருக்கு, ஹாலிஃபாக்ஸ் பக்கத்து வேற பேர் எடுக்குறவங்க கேட்டா தரேன், சோவர்பி, வார்லி, மிட்ஜ்லி மூணையும் மட்டும் ஒருதடவை நீங்களும் சரிபாத்துக்கோங்க.